போர்க்களத்தில் மூச்சு விட்டவர்

அந்தப் போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள் தம்பி. வந்ததிலிருந்து அழித்துவிடுகிறேன், அழித்துவிடுகிறேன் என்று விரலை அதன்மேலேயே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்க வந்தது நல்ல காரியம். பழம் வேறு வாங்கி வந்திருக்கிறீர்கள். ஆனால் அந்த வீடியோவில் கை வைக்காதீர்கள். நான் சொல்லி முடிக்கிற வரைக்குமாவது வைக்காதீர்கள். ஐயோ, கட்டிலின் அந்த ஓரம் வேண்டாம், கால் ஆடும். இப்படி நாற்காலியில் உட்காருங்கள். ஃபேன் சத்தம் போடும், ஆனால் காற்று வரும்.

சஞ்ஜீவ்தானே உங்கள் பேர்? ரோசி சொன்னாள். எதிர்வீட்டு ரோசிதான் உங்களுக்கு எழுதிப் போட்டாளாம், 'நீங்கள் வட்டம் போட்டுச் சிரித்தீர்களே, அந்த ஆள் இறந்துபோய்விட்டார் அண்ணா' என்று. ஏன்டி எழுதினாய் என்று அவளிடம் சண்டை போட்டேன். உங்களுக்காகத்தானே ஆன்ட்டி என்று அழுதாள். எனக்காகத்தான். எல்லாரும் எனக்காகத்தான் செய்கிறீர்கள்.

உங்கள் வீடியோவை நான் முழுசாகவே பார்த்திருக்கிறேன். அந்த இடத்தை மட்டுமில்லை, முழுசாக. நான்கு பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ராஜா படம் ஒசத்தியா, ராணுவப் படம் ஒசத்தியா என்று பேசுகிறீர்கள். தொப்பி போட்ட பிள்ளை, ராணுவப் படம்தான் நிஜம், ராஜா படமெல்லாம் நகைக்கடை விளம்பரம் என்கிறது. நீங்கள் ராஜா படத்துக்குப் பரிந்து பேசுகிறீர்கள். யானை வரும்போது சீட் அதிர வேண்டாமா, நம் பாட்டன் முப்பாட்டன் எப்படிச் சண்டை போட்டான் என்று நாம் வேறு எங்கே பார்ப்பது என்கிறீர்கள். நன்றாகத்தான் பேசுகிறீர்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள், எனக்கே புரிகிற மாதிரி பேசுகிறீர்கள். அப்புறம்தான் அந்தத் தொப்பிப் பிள்ளை, புதுப் பட டிரெய்லரிலிருந்து அந்த இடத்தை எடுத்துப் போடுகிறது.

"டேய், உன் ராஜா படத்துல பிணம்கூட ஒழுங்கா சாகலடா. மூச்சு விடுது பாரு."

அதுவரைக்கும் அடித்துக்கொண்டிருந்த நான்கு பேரும் சேர்ந்து சிரிக்கிறீர்கள். ராஜா படத்துக்குப் பரிந்து பேசிய நீங்களும்தான் சிரிக்கிறீர்கள். சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக ஓடவிட்டு, திரும்பத் திரும்பப் போட்டு.

இல்லை, இல்லை, தலையைக் குனியாதீர்கள். உங்களால்தான் என் வீட்டுக்காரர் போனார் என்று நான் சொல்லவே மாட்டேன். யார் சொன்னாலும் நம்பாதீர்கள். டாக்டர் என்னென்னவோ சொன்னார், நுரையீரல் என்றார், ரொம்ப நாளாகவே இருந்திருக்க வேண்டும் என்றார். அவருக்கு என்ன தெரியும்? இவர் நன்றாகத்தான் இருந்தார். ஷூட்டிங்கில் புகை போடுவார்கள் இல்லையா, அந்தப் புகைதான். தாடி ஒட்டுகிற பிசின் வேறு. மூக்குக்குக் கீழேயே பிசினைத் தடவினால் யாருக்குத்தான் இருமல் வராது?

இவர் வேலையே அதுதான் தம்பி. துணை நடிகர். நான் கல்யாணமாகித் திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து இந்தச் சாலிக்கிராமத்துக்கு வந்தபோது, மாப்பிள்ளை சினிமாவில் இருக்கிறார் என்று ஊரில் பெரிய பேச்சு. என்னவாக நடிக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. வந்த பிறகுதான் தெரிந்தது, இவருக்குக் கூட்டத்தில் நிற்கிற வேலைகூடக் குறைவு, படுக்கிற வேலைதான் அதிகம். பிணமாகப் படுப்பதற்கு இவரைப் போல ஆள் இல்லை என்று ஏஜென்ட்டுகள் தேடி வருவார்கள். தணிகாசலத்தைப் போடு, கேமரா பக்கத்தில் போடு, ஆடமாட்டான் என்பார்கள். ஈ உட்கார்ந்தால்கூட ஆடமாட்டார். ஒருமுறை கன்னத்தில் கட்டெறும்பு கடித்து, டைரக்டர் கட் சொல்கிறவரை அப்படியே கிடந்து, வீட்டுக்கு வரும்போது கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. வலித்ததா என்றால், செத்தவனுக்கு எப்படி வலிக்கும் என்று கேட்டார். அதுதான் அவர் பெருமை.

நீங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறீர்களே, அதே பேச்சு இந்த வீட்டிலும் நடக்கும். இவருக்கு அருள்தாஸ் என்று ஒரு கூட்டாளி. அவரும் இதே வேலைதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் இங்கே உட்கார்ந்து, வாளா துப்பாக்கியா என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் கறிக்குழம்பை இறக்கிவைத்து, ஆறிப்போய், மறுபடி சுடவைத்து, அப்போதும் முடியாது. அருள்தாஸுக்கு ராணுவப் படம்தான் உயிர். குண்டு பட்டால் பொத்தென்று விழுந்தோமா, முகத்தைக் கவிழ்த்து ஒரு தூக்கம் போட்டோமா என்று இருக்கலாம், காலுக்கு பூட்ஸும் கொடுக்கிறான் என்பார்.

"துப்பாக்கிப் படத்துல செத்தா கொடி போத்துவான் தணிகாசலம். உன் ராஜா படத்துல செத்தா குதிரைதான்யா மிதிக்கும்."

"மிதிக்கட்டுமே. குதிரை மிதிச்சாலும் அது சரித்திரம்."

இப்படித்தான் பேசுவார். ராஜா படத்தில்தான் சாவுக்கு மரியாதை என்பார். வெட்டுப்பட்டவன் உடனே விழக்கூடாது, ஒரு நிமிஷம் நின்று வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் விழ வேண்டும், அதைத் துப்பாக்கிக்காரன் கொடுப்பானா என்பார். தகரக் கவசம் வெயிலில் காய்ந்து முதுகெல்லாம் கொப்புளமாக வருவார், இருந்தாலும் ராஜா படம்தான்.

இரண்டு பேரும் சேர்ந்து படம் பார்க்கப் போனால் ராஜாவைப் பார்க்கமாட்டார்கள். தரையைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பிணம் கண்ணைச் சிமிட்டிவிட்டான், இந்தப் பிணம் குதிரை வருகிறதென்று காலை இழுத்துக்கொண்டான் என்று சத்தமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். முன்சீட்டுக்காரன் திரும்பி முறைப்பான். அதனாலேயே நான் அவர்களோடு தியேட்டருக்குப் போவதை விட்டுவிட்டேன். நீங்கள் செய்ததைத்தான் தம்பி அவரும் செய்தார். உங்களுக்குப் போனும் வட்டமும் இருந்தன, அவருக்கு வாய் மட்டும்தான் இருந்தது.

டீ போடட்டுமா? பால் இருக்கிறது. கேஸ்தான் தீர்கிற மாதிரி இருக்கிறது, சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன், லேசாக இருக்கிறது. சொன்ன நாளில் எங்கே வருகிறது? சரி, வேண்டாமென்றால் விடுங்கள். அப்புறம் போடுகிறேன்.

எனக்கு மட்டும் இந்தப் படங்களில் ஒரு குறை உண்டு. ராஜா ஜெயித்ததும் கொம்பு ஊதி, பூத்தூவி, பாட்டு வந்துவிடுகிறது. கீழே கிடக்கிறானே, அவனை யார் தூக்கினார்கள், அவன் வீட்டுக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று எந்தப் படத்திலாவது காட்டியிருக்கிறார்களா? ராணுவப் படத்திலாவது ஒரு பெட்டி வரும், ஒரு பொம்பிளை அழுவாள். ராஜா படத்தில் அதுவும் கிடையாது. இதை நான் சொன்னால் இவர் சிரிப்பார். அதையெல்லாம் காட்டினால் எவன்டி டிக்கெட் வாங்குவான் என்பார்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியுமா? பெரிய நடிகர் செத்துப்போகிற மாதிரி எடுத்தால், எடுத்து முடித்ததும் அவரை எழுப்பி உட்காரவைத்துக் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கச் சொல்வார்கள். அதையும் படம் பிடிப்பார்கள். அது படத்தில் வராது, தோஷம் போவதற்காக. ஆனால் கும்பலாகக் கிடக்கிற பிணங்களுக்கு யார் அதைச் செய்வார்கள்? அதனால் நானே செய்வேன். அவர் செத்துவிட்டு வருகிற அன்றைக்கு, வாசலிலேயே நிறுத்தி, உப்பும் மிளகாயும் சுற்றி, சிரியுங்கள், அப்போதுதான் உள்ளே விடுவேன் என்பேன். தெருவே பார்க்கும். அவர் பல்லைக் காட்டுவார். அதெல்லாம் பல் காட்டுவது, சிரிப்பு வரவேண்டும் என்று நான் நிற்பேன். கடைசியில் என் முகத்தைப் பார்த்தே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

நீங்கள் வட்டம் போட்ட அந்தப் படத்தைச் செங்கல்பட்டைத் தாண்டி ஏதோ வறண்ட ஏரியில் எடுத்தார்கள். படத்தின் பேர் என் வாயில் நுழையாது, ராஜா பேரும் ஊர் பேரும் சேர்ந்து ரயில் மாதிரி நீளம். விடிவதற்கு முன்னாலேயே வேன் வந்துவிட்டது. முந்தின நாள் கொஞ்சம் இருமினார்தான். கற்பூரவல்லிச் சாறு கொடுத்தேன், நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டேன். காலையில் ஒன்றுமே இல்லை. நன்றாகத்தான் இருந்தார். சாயங்காலம் வந்து, அமுலு, இன்றைக்குக் கம்பெனியில் பிரியாணி போட்டான்டி, ராஜா என் தலைமாட்டிலேயே நடந்து போகிற மாதிரி ஷாட், குளோஸப்பில் வருவேன் என்றார். உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டேன். எனக்கென்ன, ராஜா மாதிரி இருந்தேன் என்றார். வாசலில் நிறுத்தினேன். சிரித்தார். சிரிக்கும்போதே கொஞ்சம் இருமல் வந்துவிட்டது. புகைதான். தலைமுடியெல்லாம் அந்தப் புகை நாற்றம் இருந்தது.

டிரெய்லர் வந்தபோது தெருவுக்கெல்லாம் காட்டினார். அதற்கு அடுத்த வாரம் உங்கள் வீடியோ வந்தது. அருள்தாஸ்தான் போனைக் கொண்டுவந்து, சும்மா வேடிக்கைக்கு என்று காட்டினார். இவர் பார்த்தார். அது நான் இல்லை என்றார். அருள்தாஸ், யோவ், உன் மூக்கு எனக்குத் தெரியாதா என்றார். இவர், மூக்கு என்னுதுதான், மூச்சு என்னுது இல்லை, கம்ப்யூட்டரில் ஏதோ செய்திருக்கிறான் என்றார். அன்றைக்குக் குழம்பு சூடாகவே தீர்ந்தது.

அப்புறம் ஏஜென்ட்டுகள் கூப்பிடுவது நின்றுவிட்டது. வடபழனியில் டீக்கடையில் பார்த்தால், என்ன தணிகாசலம், மூச்சு வருதா என்று கேட்பார்களாம். கேலிக்குத்தான். இவர் டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். அந்தக் கட்டிலில் படுத்து மேலே பார்த்துக்கொண்டே இருப்பார். நான் என்னங்க என்று அசைத்துப் பார்ப்பேன். பயிற்சி செய்கிறேன்டி, தொந்தரவு பண்ணாதே என்பார். எனக்குக் கோபம் வரும். பயமும் வரும். காய் வாங்கப் போனால்கூட ஓடியோடி வருவேன்.

படம் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டார் தம்பி. ஆஸ்பத்திரியில்தான். அங்கே மூக்கில் குழாய் வைத்து, நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டேதான் இருந்தது, அப்புறம் இல்லை. அருள்தாஸ் இவர் காலைப் பிடித்துக்கொண்டு, நீ ஜெயிச்சிட்ட தணிகாசலம், துளிகூட ஆடல என்றார். அந்த மனுஷனை அடிக்கலாம் போல இருந்தது எனக்கு. அப்புறம்தான் அது அவர் அழுகிற விதம் என்று புரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து படம் வந்தது. நான் ஒருத்தியாகத் தியேட்டருக்குப் போனது அதுதான் முதல் தடவை. முன்னால் முழுக்க உங்களை மாதிரிப் பிள்ளைகள். எனக்குக் கதை ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. யானை வருகிறது, கோட்டை இடிகிறது, இவர்கள் கத்துகிறார்கள். சண்டை முடிந்து அந்த ஏரி வந்தது. புகை. ராஜா நடந்து வருகிறார். அப்போது தியேட்டரே அமைதியாகிவிட்டது தம்பி. ராஜாவை யாரும் பார்க்கவில்லை. "மூச்சு வருது பாரு, இப்ப பாரு" என்று ஒரு பிள்ளை கத்தினான். இவர் வயிறு மெல்ல ஏறியது. அவ்வளவுதான், விசில். கதாநாயகன் வரும்போதுகூட அப்படி விசில் இல்லை. எல்லாம் உங்கள் வீடியோ பார்த்த பிள்ளைகள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் கைதட்டினேன். மாலை போட்டு, மண்ணில் வைத்துவிட்டு வந்த மனுஷன், இத்தனை பெரிய திரையில் மூச்சு விடுகிறார். ஊரே பார்க்கிறது. வேறென்ன செய்வேன்?

அதற்கப்புறம் மறுபடி போனேன். மறுபடியும் போனேன். கதவருகில் டிக்கெட் கிழிக்கிற அம்மாள் என்னைப் பார்த்தால், ராஜா ரசிகையா நீ என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய் உட்காருவேன். அந்த இடம் வந்ததும் எழுந்து வந்துவிடுவேன். பிறகு தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள். நான் அதற்குப் பெரிதாக வருத்தப்படவில்லை, இனி டிவியில் ஆப்பில் வரும், வீட்டிலேயே பார்க்கலாம் ஆன்ட்டி என்று ரோசி சொல்லியிருந்தாள்.

வந்தது. ரோசி வீட்டில்தான் பார்த்தோம். ஏரி வந்தது, புகை வந்தது, ராஜா வந்தார். இவர் கிடக்கிறார். நான் முன்னால் போய் டிவிக்குக் கிட்டே உட்கார்ந்துகொண்டேன். ராஜா போய்விட்டார். இவர் அப்படியே கிடக்கிறார். ரோசி, நீ சரியாகப் போடு என்றேன். திரும்பப் போட்டாள். அப்படியே மரக்கட்டை மாதிரி. வயிறு ஏறவில்லை. ரோசியின் அப்பாதான் சொன்னார், எல்லாரும் கேலி செய்தார்களில்லையா, கம்பெனிக்காரன் கம்ப்யூட்டரில் சரி பண்ணிவிட்டான் என்று. சரி பண்ணிவிட்டானாம். அவர் செத்த அன்றைக்குக்கூட நான் அப்படிக் கத்தவில்லை என்று ரோசி சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது புரிகிறதா தம்பி? படத்தில் இல்லை. டிரெய்லரையும் மாற்றிவிட்டார்களாம். ரோசி தேடிப் பார்த்துவிட்டாள். உங்கள் வீடியோவில்தான் இருக்கிறார். நீங்கள் நல்ல மனசோடு அதை அழித்தீர்கள் என்றால் அவர் எங்கேயும் இல்லை. நீங்கள் சிரித்தது எனக்குப் பரவாயில்லை. அந்தத் தொப்பிப் பிள்ளை சொல்வதும் பரவாயில்லை. எனக்கு அவர் மூச்சு வேண்டும். சிரிப்பும் கேலியும் அதோடு சேர்ந்துதான் வரும் என்றால் வரட்டும். நான் தினமும் காலையில் ரோசி காலேஜுக்குப் போவதற்கு முன்னால் அவள் போனில் ஒருமுறை பார்த்துவிடுவேன். அப்புறம்தான் அடுப்புப் பற்றவைப்பேன்.

அழிக்கமாட்டீர்களே? சத்தியமா? சரி. சரி. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்களை அழவைக்கவா கூப்பிட்டேன்?

பையிலிருந்து என்ன எடுக்கிறீர்கள்? கம்ப்யூட்டரா? அசல் இருக்கிறதா? டிரெய்லரில் வந்தது அப்படியே? வட்டம் இல்லாமல், உங்கள் சிரிப்பு இல்லாமல், பெரிதாகவா?

இருங்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறேன். ஜன்னலைச் சாத்துகிறேன், வெயில் கண்ணில் அடிக்கிறது. அந்த நாற்காலியை இப்படி இழுங்கள். ம், போடுங்கள்.

எவ்வளவு தெளிவாக இருக்கிறது. தாடி முடிகூடத் தெரிகிறது. இதோ இவர்தான். ராஜா வருகிறார், அது கிடக்கட்டும். இதோ. இதோ வயிறு ஏறுகிறது. பார்த்தீர்களா? சத்தமே இல்லாமல் இருக்கும்போது இன்னும் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது. இன்னொரு முறை போடுங்கள் தம்பி.

இன்னொரு முறை.

அங்கே நிறுத்துங்கள். அந்தக் கை. நான் கையைப் பார்த்ததே இல்லை, எப்போதும் வட்டத்துக்குள்ளேதான் பார்ப்பேன். விரல் ஏன் அப்படி மண்ணுக்குள் போயிருக்கிறது? கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். உதட்டைப் பாருங்கள், உள்ளே கடித்துக்கொண்டிருக்கிறார். கழுத்து நரம்பு எப்படிப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. தாடி நடுங்குகிறது. காற்று இல்லை தம்பி, பக்கத்தில் கிடக்கிறவன் முடி அசையவே இல்லை.

இது மூச்சு இல்லை. இருமலை விழுங்குகிறார். ராஜா போகிற வரைக்கும் விழுங்கிக்கொண்டே கிடக்கிறார். வயிறு அதனால்தான் ஏறுகிறது.

ராஜா மாதிரி இருந்தேன் என்றாரே தம்பி. பிரியாணி போட்டான் என்றாரே.

நிறுத்துங்கள். மூடுங்கள் அதை. இல்லை, மூடவேண்டாம், நான் கடைசியாகப் பார்த்தது இதுவாக இருக்கக்கூடாது. போனில் இருக்கிறதே, அதைப் போடுங்கள். அந்த வட்டம் போட்டது. நீங்கள் நான்கு பேரும் சிரிப்பீர்களே, அந்தச் சத்தத்தோடு போடுங்கள். இன்னும் கொஞ்சம் சத்தமாக வையுங்கள்.